கதவுக்கு மட்டும் குரைக்கிற நாய்

ஜூன் 4, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஆபீஸ் கவுன்டருக்கு வந்த கூட்டத்தோடு எட்டு மணி நேரம் கத்தி, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினால், லிப்டு வாசலில் சங்கச் செயலாளர் பத்ரிநாராயணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் இவர். கையில் என் பலசரக்கு நோட்டு, காதில் பேனா, காலில் செருப்பு இல்லை.

“மேடம், சார் பி பிளாக்ல நாலு வீட்ல பெல் அடிச்சு, ஈபி ரீடிங்னு சொல்லி உள்ள போயிருக்கார். நாலாவது வீட்ல அந்தப் பொண்ணு குழந்தையைக் குளிப்பாட்டிட்டு இருந்திருக்கு. பயந்து கத்தி, செக்யூரிட்டி ஓடி வந்து, பெரிய கலாட்டா.”

முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்த மனுஷர். ஓய்வு பெற்று மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய ஞாபகத்தில் நாலு வீட்டு மணியை அடித்துவிட்டார், இதற்கு ஒரு பஞ்சாயத்தா? “யாராவது யூனிட் கூடுதலா வருதுன்னு கேட்டிருப்பாங்க சார், உதவிக்குப் போயிருப்பாவ” என்றேன். வாய் கூசாமல் வந்தது.

“இன்னொரு தடவை நடந்தா உங்க பையனுக்கு எழுத வேண்டியிருக்கும் மேடம். எங்கயாவது சேர்த்துடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். கமிட்டியில சொல்லுவாங்க.”

சேர்க்க வேண்டுமாம்! ஒன்றாம் வகுப்பு அட்மிஷன் போல. உப்புமா கிண்டி வைத்தேன், இவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கதவை வெளியே சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் கதவைத் திறந்து வெளியே கால் வைத்திருக்கிறார். ஈரத்தலையோடு ஓடி வந்தால் வாசலிலேயே நிற்கிறார். எதிரே இரண்டாம் மாடி ரெஜினாவின் இரண்டு சடைநாய்களும் படியில் நின்று குரைக்கின்றன. லிப்டு வேலை செய்யாததால் அவள் படியேறி மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். இவர் நோட்டில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டுத் தானாகவே உள்ளே திரும்பினார்.

“நாய் கெடக்குளா மங்கை. பொறவு வருவோம்.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘கதவு எண் தெரியவில்லை. நாய் உள்ளது. மறுவருகை.’ கையெழுத்து பழையபடி முத்து முத்தாக இருந்தது.

வேலையில் சேர்ந்த நாலாம் வருஷம் தொடையில் ஒரு நாய் கவ்வி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். அதன்பிறகு நாய் குரைக்கிற வாசலைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. என் பெயர்கூட இவருக்குச் சில நேரம் நழுவுகிறது. இது நழுவவில்லை. நாய் குரைத்தால் வாசலைத் தாண்டக் கூடாது என்பது உடம்பிலேயே ஊறிக் கிடக்கிறது.

அப்படியானால் நம் வீட்டுக் கதவருகே ஒரு நாய் படுத்துக் குரைத்தால் போதும். நான் பாட்டுக்கு வேலைக்குப் போவேன். கதவை எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஆறு மாதத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ரெஜினா வீட்டுக்குப் போனேன். நாய் விஷயத்தில் இந்தக் குடியிருப்புக்கே அவள்தான் டாக்டர், வக்கீல் எல்லாம். அடுக்குமாடி வீட்டுக்கு எந்த நாய் சரிப்படும் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள், நான் குறித்துக்கொண்டேன்.

பக் வேண்டாமாம். மூக்கு உள்ளே அமுங்கிய சாதி, சென்னை வெயிலில் மூச்சு வாங்கியே செத்துப்போகுமாம். பீகிள் பார்க்க லட்சணம், ஆனால் தனியாக விட்டால் ஊளையிட்டு நாலு மாடியைக் கூட்டிவிடுமாம். லாப்ரடாரை இரண்டு பெட்ரூமில் அடைப்பது பாவம், காலையும் மாலையும் ஓடவிட ஆள் வேண்டும். அவளிடம் இருக்கிற ஷிட்சு திருடன் வந்தாலும் மடியில் ஏறி உட்காருமாம், படியில் அன்றைக்குக் குரைத்தது அதிசயமாம். “எது வாங்கினாலும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமெல்லாம் தனியா விடாதீங்க. அடைச்சுப் போட்டா நாய்க்குப் புத்தி பேதலிச்சுடும், கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் பேந்து ரத்தம் வரும்” என்றாள்.

“எனக்குக் குரைக்கிற நாய் வேணும் ரெஜினா.”

அவள் சிரித்தாள். “எல்லாரும் எங்கிட்ட வந்து குரைக்காத நாய் எதுன்னுதான் கேப்பாங்க. குரைக்கிற நாய் கேக்கிற முதல் ஆள் நீங்கதான்கா.”

“சும்மா சும்மா குரைக்க வேண்டாம். கதவுகிட்ட யாராவது போனா மட்டும் குரைச்சாப் போதும்.”

“வெளிய இருந்து வர்றவங்களையா, உள்ள இருந்து போறவங்களையா?”

விவரமான பெண். காபி ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

கடைசியில் ஸ்பிட்ஸ் என்று முடிவானது. பொமரேனியன் என்று சொல்லி நம் ஊரில் விற்பதெல்லாம் இதுதானாம். வெள்ளை நிறம், சின்ன உடம்பு, வெயில் தாங்கும். வாசலில் இலை விழுந்தாலும் குரைக்கும்.

ஜூன் 12, வியாழன்

சங்கத்தில் நாய்க்கென்று தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். எடை பத்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்து வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று சத்தப் புகார் வந்தால் நாயை அனுப்பிவிட வேண்டும். ‘பகல் நேரத்தில் வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்பவர்’ என்று ஒரு கட்டம். அதில் இவர் பெயரை எழுதினேன். கு. குற்றாலிங்கம், வயது 61. எழுதிவிட்டு அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு யாழினி உடனே கையெழுத்துப் போட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், காதில் எப்போதும் ஹெட்போன். “எனக்கு மீட்டிங் இருக்கும்போது ரொம்பக் குரைக்காம இருந்தா சரி ஆன்ட்டி” என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

புனேயிலிருந்து நம்பி பேசினான். அப்பா எப்படி இருக்காங்க என்றான். நல்லா இருக்காவ, காலையில் வாக்கிங் போறாவ என்றேன். “அந்த ஹோம் விஷயம் யோசிச்சியாம்மா?” என்று ஆரம்பித்தான். இவரைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் மூன்றே நாளில் ஓடிப்போனதிலிருந்து அவனுக்கு இதே பாட்டு. எனக்கு இன்னும் பதினோரு மாத சர்வீஸ் இருக்கிறது. அது முடிந்தால் நானே பார்த்துக்கொள்வேன். பதினோரு மாதம் ஒரு பெரிய காலமா?

நாய் வாங்கப் போவதைச் சொன்னேன். “அப்பாவையே பாத்துக்க முடியல, நாய் வேறயா?” என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

நாய் வந்துவிட்டது. ரெஜினாவின் வாட்ஸாப் குழுவில் ஒரு குடும்பம் கனடாவுக்குப் போகிறதென்று இலவசமாகக் கொடுத்தது. நாலு வயசு, பெண். பெயர் ஸ்னோயி. “நாலு வருஷமா அபார்ட்மென்ட்லதான் இருக்கோம். சத்தமே போடாது, ஒரு புகார் வந்ததில்ல” என்றாள் அந்த அம்மாள் பெருமையாக. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. பழகிய வீட்டில் எதற்குக் குரைக்கும்? இனம் ஸ்பிட்ஸ், புது வீடு, புது ஆள், குரைக்காமல் எங்கே போகும்? சங்கத்துக்குச் சத்தம் போடாத நாய், எனக்குக் குரைக்கிற நாய். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆட்டோவில் என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. வெதுவெதுப்பாக, பயந்துபோய்.

ஜூன் 22, ஞாயிறு

பால்காரர் மணி அடித்தார். நாய் எழுந்து கதவுக்கு ஓடியது. முன்னங்காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்து குரைத்தது. சத்தம் வரவில்லை. காற்றுப் போன சைக்கிள் பம்பு போல ஹ்ஹ, ஹ்ஹ என்று ஒரு இழுப்பு மட்டும். சளி பிடித்திருக்கும் என்று மிளகு போட்டு வெந்நீர் கொடுத்தேன்.

இவர் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் அதன் தலையைத் தடவினார். நாய் என்றால் எட்டடி தள்ளி நிற்கிற மனுஷர்!

ஜூன் 23, திங்கள்

வேலை முடிந்து, ரெஜினாவோடு கால்நடை டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“குரல் நாணை வெட்டி எடுத்திருக்காங்கம்மா. பண்ணக் கூடாத ஆபரேஷன். ஃபிளாட்ல புகார் வருதுன்னு சில பேர் எங்கயாவது கொண்டுபோய் பண்ணிடறாங்க. இனிமே இதுக்கு சத்தம் வராது.”

ரெஜினா அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கனடாக்காரி என் கண்முன் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். வாயில்லா ஜீவன் என்று சும்மா சொல்வோம், இதற்கு நிஜமாகவே வாயை எடுத்துவிட்டார்களே. குரைக்கிறோம் என்றுதான் அது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

“வேற வீடு பாக்கட்டுமா அக்கா? உங்களுக்குக் குரைக்கிறது வேணும்னீங்களே” என்றாள். வேண்டாம் என்றேன். இந்தப் பாழாய்ப்போன ஜென்மத்தை இன்னும் எத்தனை வீட்டுக்கு அனுப்புவது?

ஜூன் 24, செவ்வாய்

கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். சாத்திவிட்டு என்று முன்பு எழுதியதும் பூட்டுத்தான்.

ஜூன் 30, திங்கள்

லிப்டில் ரெஜினா. “சாரை ரெண்டு வாரமா கண்ணுல காணோமே அக்கா?”

“புனேக்குப் போயிருக்காவ. பையன் வந்து கூட்டிட்டுப் போனான்.”

எங்கிருந்து வந்தது இந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் மாடி வருவதற்குள் நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். லிப்டில் செயலாளர் மனைவியும் இருந்தாள், ஆக இனி ஊருக்கே தெரிந்துவிடும். ஒருவிதத்தில் நல்லதுதான், யாரும் வந்து கேட்கமாட்டார்கள். பால்கனிக் கதவையும் பூட்டித் திரை போட்டேன். சாயங்காலம் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்.

ஜூலை 5, சனி

இவர் நாய்க்குப் பெயர் மாற்றிவிட்டார். ஹெல்பர். பழைய ஆபீசில் இவரோடு ஏணி தூக்கிக்கொண்டு வருபவருக்கு அந்தப் பதவி. காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை, ஹால், படுக்கையறை என்று மூன்று ‘வீட்டுக்கும்’ போகிறார், ஹெல்பர் பின்னாலேயே போகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து எண் சொல்கிறார், அது காதை நிமிர்த்திக் கேட்கிறது. நான் தட்டு வைத்தால் முதலில், “அவன் சாப்ட்டானா?” என்கிறார். அதன் தட்டைக் காட்டிய பிறகுதான் சாப்பிடுகிறார். இரவில் அவர் காலடியில் படுத்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு நான் விடியும்வரை தூங்கினேன்.

ஜூலை 9, புதன்

வாட்ஸாப் குழுவில் யாழினி போட்டிருக்கிறாள். ‘3சி-யில் பகல் முழுவதும் நாய் கதவில் மோதுகிறது, கத்துகிறது. வேலை செய்ய முடியவில்லை. ஆன்ட்டி, ப்ளீஸ்.’

3சி நம் வீடு. ‘மன்னிக்கவும், புது இடம், பழகிவிடும்’ என்று பதில் போட்டேன். போட்ட பிறகு நாயைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஜூலை 14, திங்கள்

இவர் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருக்கிறது. நாய் பிறாண்டியிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டினேன். நாயின் நகத்தை வெட்டலாம் என்று பார்த்தால், ரெஜினா போன வாரம்தான் தன் வீட்டில் வைத்து ஒட்ட வெட்டியிருக்கிறாள்.

ஜூலை 16, புதன்

இரண்டாவது புகார். இந்த முறை செயலாளரே வந்தார். வாசலை மறைத்துக்கொண்டு நின்று பேசினேன், உள்ளே இவர் குளித்துக்கொண்டிருந்தார். “சார் புனேல இருக்கார், நீங்களும் வேலைக்குப் போயிடறீங்க. ஒரு பிராணியை நாள் முழுக்க அடைச்சு வச்சா அது என்ன மேடம் பண்ணும்? கத்தத்தான் செய்யும்” என்றார்.

“ஆமா சார்” என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கடிதம். இவருக்கு மத்தியானத்தில் தூங்க ஒரு மாத்திரை கேட்கலாமா என்று யோசித்தேன். அரை மாத்திரை. யோசித்ததோடு சரி.

ஜூலை 20, ஞாயிறு

கீழே அசோசியேஷன் ஹாலில் இருபது பேர். பத்ரிநாராயணன் மூன்று புகாரையும் வாசித்தார். விதிப்படி நாயை அனுப்ப வேண்டும் என்றார். யாழினி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம், நல்ல பெண்.

ரெஜினா எழுந்தாள். “சார், ஒரு நிமிஷம். அந்த நாய்க்குக் குரலே கிடையாது. நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அது குரைக்கவே முடியாது. நீங்க கேட்டது வேற ஏதோ சத்தம்.”

ஹாலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னால் நாய் பிழைத்தது. ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும்? நாய் இல்லை என்றால் பூட்டிய வீட்டுக்குள் கதவைத் தட்டுவது யார்? அப்புறம் நம்பிக்குப் போன், அப்புறம் இவரை ஒரு வண்டியில் ஏற்றி ஏதோ ஒரு ஹோமில் கொண்டுபோய்...

“இப்ப குரைக்குது. வைத்தியம் பார்த்தேன், குரல் வந்துட்டு” என்றேன்.

ரெஜினா என்னையே பார்த்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்கே அனுப்பிவிடுவதாகக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டு வருஷமாக எத்தனை குழந்தைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதியிருக்கிறேன், நடத்தை நன்று, நடத்தை நன்று என்று. அந்த நாயைப் போல நடத்தை நன்றாக இருந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஜூலை 21, திங்கள்

ரெஜினா வீட்டில் ஏற்கெனவே இரண்டு, அதற்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. சாயங்காலம் நாய்க் காப்பகத்து வண்டி வந்தது. கேட்டில் வைத்து ஒரு படிவம் கொடுத்தார்கள். தடுப்பூசி போட்டதா, கடிக்குமா, குரைக்குமா. செயலாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். குரைக்குமா என்ற இடத்தில் ஆம் என்று எழுதினேன்.

வண்டிக்குள் ஏற்கெனவே ஆறேழு நாய்கள், ஒரே காட்டுக்கத்தல். இதுவும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

மேலே வந்தால் இவர் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்கிறார். “அவன் எங்கட்டி?” சாப்பிடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் பால் மட்டும்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றே முக்கால் இருக்கும். கவுன்டரில் கூட்டம், தலைமையாசிரியை பக்கத்தில் நிற்கிறார். யாழினியிடமிருந்து போன்.

“ஆன்ட்டி, நாயைக் குடுத்துட்டீங்கன்னு சொன்னாங்களே. உங்க வீட்டுக்குள்ள இன்னும் சத்தம் வருது. யாரோ உள்ளருந்து தட்டறாங்க. பூட்டு வெளிய அப்படியே இருக்கு. பால்கனி வழியா எவனாவது உள்ள போயிட்டானோ என்னவோ. செக்யூரிட்டி ரெண்டு பேர் வந்துட்டாங்க. கம்பி எடுத்துட்டு வந்திருக்காங்க. பூட்டை உடைச்சு உள்ள போகட்டுமா?”

கம்பி. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “உடைக்காத! யாழினி, அடிச்சிடப் போறாங்க, உடைக்க விடாத! உள்ள இருக்கது திருடன் இல்ல. எங்க வீட்டுக்காரர்.”

“சார் புனேல...”

“இல்ல. உள்ளதான் இருக்காவ. நான்தான் பூட்டிட்டு வந்தேன். தினமும் நான்தான் பூட்டிட்டு வாரேன்.”

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை. கவுன்டரில் நின்ற கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

“எத்தனை நாளா ஆன்ட்டி?”

“ஏழு வாரம்.”

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் மாடியில் லிப்டுக் கதவு திறந்ததும் கேட்டது. நான் ஒருநாளும் கேட்டதில்லை அந்தச் சத்தத்தை. பூட்டிவிட்டுப் போகிறவள் எப்படிக் கேட்பாள்? மூன்று தட்டு. பிறகு தொண்டை கட்டின குரலில், “ஈபி! ரீடிங் எடுக்கணும், கதவத் தெறங்கம்மா!” மறுபடி மூன்று தட்டு. முப்பத்திரண்டு வருஷமும் இதே தட்டுத்தான். சுவரைத் தாண்டி, ஹெட்போனைத் தாண்டிப் போகும்போது அது வெறும் மோதலும் கத்தலுமாகத்தான் கேட்டிருக்கும்.

யாழினி எங்கள் வாசலில் தரையில் உட்கார்ந்து கதவில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். “வந்துட்டாங்க சார், இதோ வந்துட்டாங்க.” செக்யூரிட்டிகள் சுவரோரம் கம்பியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ரெஜினாவும் வந்திருந்தாள். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சாவியை எடுத்தேன்.

திறந்தேன். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, காதில் பேனாவோடு நின்றார். விரல்களில் ரத்தம். என்னை யாரோ வீட்டுக்கார அம்மாளைப் பார்ப்பது போலப் பார்த்து, மரியாதையாக ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“மன்னிக்கணும்மா. வீட்ல ஆள் இல்லன்னு நெனச்சேன். காலைலேருந்து தட்டுதேன்.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அத்தனை பேர் முன்னாலும். அவர் பயந்து யாழினியைப் பார்த்து, “பில் கூடுதலா வந்துட்டு போல” என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. செயலாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நம்பி சனிக்கிழமை வருகிறான். எனக்கு மருத்துவ விடுப்பு. சாவியில் ஒன்றை யாழினியும் ஒன்றை ரெஜினாவும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் சேர்த்து வைத்திருந்த பயமெல்லாம் வந்தே விட்டது. வந்த பிறகு அதைப் பார்த்தால், ஏழு வாரம் ஒரு மனுஷனைப் பூட்டி வைக்கிற அளவுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. ஹோமில் போடச் சொல்வார்களோ, மாட்டார்களோ. சொன்னால் சண்டை போட வேண்டியதுதான்.

“நாயைத் திருப்பிக் கொண்டு வந்துடலாம் அக்கா. இனிமே என்ன?” என்றாள் ரெஜினா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. காப்பகத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவளே பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பால்கனிப் பக்கம் போய்விட்டாள்.

புதிதாக வருகிற நாய்களை முதலில் ஒரே அடைப்பில் விடுவார்களாம். பெரிய நாய் ஒன்று இதன் மேலே பாய்ந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை ராத்திரி. மற்ற நாய் என்றால் கத்தும், ஆள் ஓடி வந்து பிரித்துவிடுவார்கள். இது கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். ‘குரல் இல்லைன்னு சொல்லியிருந்தா தனியா வச்சிருப்போம் மேடம், படிவத்துல குரைக்கும்னு போட்டிருக்கே’ என்றார்களாம்.

என் கையெழுத்து. முத்து முத்தாகத்தான் இருக்கும்.

அதன் குரலை வெட்டியவளைச் செருப்பால் அடிக்கத் துடித்தேன். அவள் குரலைத்தான் எடுத்தாள், உயிரை எடுத்தது நான். இதை இந்த நோட்டில் எழுதியாகிவிட்டது. ரெஜினாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இல்லை என்று மறுக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் கதவைத் திறந்தே வைத்தேன். இவர் வெளியே போகவில்லை. தட்டு வைத்தேன்.

“அவன் எங்கட்டி? ஹெல்பர்?”

இனி யாரிடமும் பொய் சொல்வதில்லை என்று நேற்று முடிவு செய்திருந்தேன். இவரிடமிருந்தே தொடங்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். செத்துப்போச்சுங்க. பெரிய நாய் கடிச்சிட்டு. என்னாலதான்.

இவருக்குப் புரிந்தது. முழுசாகப் புரிந்தது. கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை போலத் தேம்பித் தேம்பி அழுதார். “நல்லா வேல பாப்பான்லா” என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் ஆனது அடங்க.

பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பிரிட்ஜுக்குப் போனார். குனிந்தார், திரும்பிப் பார்த்தார். “ஏளா, ஹெல்பர் எங்க?”

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே முகம், அப்போதுதான் கேட்கிற மாதிரி. அதே அழுகை, முதலிலிருந்து.

சாயங்காலம் மூன்றாவது தடவை கேட்டார். சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

“லீவு” என்றேன்.

“லீவு லெட்டர் குடுத்தானா?”

“குடுத்திருக்கான்.”

“எத்தன நாளைக்கு?”

“ரெண்டு நாளைக்கு” என்றேன். சரி என்று தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டார்.